எண்ணெய் ஒழுகும் பிக்கப் வண்டி

காலையில் வண்டியை எடுத்ததும், அது இரவெல்லாம் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா? இல்லையென்றால் இன்று முதல் பாருங்கள். மண்ணில் கருப்பாக வட்டம் தெரிந்தால், "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

தஞ்சோங் கிளிங் பக்கத்தில் தோட்டத்தை விட்டு வெளியே வந்த நம்மவர் சிலருக்குச் சோறு போடுவதே ஒரு பழைய பிக்கப் வண்டிதான். புல் வெட்டும் இயந்திரமோ காய்கறியோ பழைய இரும்போ, எல்லாம் அதில்தான் போகிறது. வண்டி படுத்தால் அன்றைய வரும்படியும் படுத்துவிடும்.

இயந்திரத்தின் அடியில் தொங்கும் எண்ணெய்ச் சட்டியைப் பட்டறைக்காரர்கள் 'ஆயில் பேன்' என்பார்கள். பழைய ஹைலக்ஸ் போன்ற பல வண்டிகளில் அது மெல்லிய இரும்புத் தகடு. கடலோரத்து உப்புக் காற்றும், தோட்டப் பாதைச் சேறும் அதை அரித்துவிடும். போதாததற்கு மரக்கட்டையோ கல்லோ இடித்து நசுக்கியும் விடும். மினியாக் ஈத்தாம் தங்குவது இந்தச் சட்டியில்தான். பம்பு அதை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. எண்ணெய் குறைந்து பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கினால் பேரிங்குகள் தேய்ந்து, இயந்திரம் இறுகிப் போகும். சட்டியின் விலை எங்கே, இயந்திரத்தின் விலை எங்கே!

எனக்குத் தெரிந்த ஒருவர், ரப்பர் மரத்துக்குக் கோப்பை கட்டுவது போல், சட்டிக்கு அடியில் ஒரு பால் டின்னைக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் சவர்க்காரத்தை அப்பினார். இரண்டும் வீட்டுக்கு வந்து சேரத்தான் உதவும், அதற்கு மேல் இல்லை.

முதலில் ஒழுகுவது சட்டிதானா என்று பாருங்கள். எண்ணெய் மேலே கசிந்து கீழே வந்துதான் சொட்டும். வால்வு மூடியிலிருந்து வழிந்தாலும் குற்றம் சட்டியின் தலையில்தான் விழும். அடிப்பகுதியை நன்றாகத் துடைத்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிவந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் எந்த இடத்தில் தொடங்குகிறதோ அதுதான் நோய். இயந்திரமும் கியர் பெட்டியும் சேரும் இடத்தில் சொட்டினால் கிரேங்கின் பின்பக்க சீலாக இருக்கலாம். அது பட்டறை வேலை.

நான்கு சக்கரமும் இழுக்கும் சில வண்டிகளில் முன் அச்சை இறக்காமல் சட்டி வெளியே வராது. அதையும் பட்டறைக்கே விடுங்கள்.

இனி உயிர் விஷயம். ஜேக்கில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் எவரும் புகக்கூடாது. செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். இரும்புத் தாங்கிகளைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியை ஆட்டிப் பார்த்த பிறகே படுக்க வேண்டும். பிள்ளைகளைத் தூர விரட்டுங்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

இயந்திரம் வெதுவெதுப்பாக இருக்கும்போது எண்ணெயை வடித்துவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை வெந்துவிடும். சுற்றிலும் இருக்கும் சின்ன போல்ட்டுகளுக்கு, ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் 10 ஸ்பேனர் போதும். மூலைக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றுங்கள், சட்டி முகத்தில் விழாது. ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் ஸ்குரு டிரைவரைச் செருகி நெம்பாதீர்கள், இயந்திரத்தின் விளிம்பில் கீறல் விழும். மெல்லிய கத்தியை நுழைத்து, கட்டை வைத்துத் தட்டினால் வரும்.

இனிதான் பொறுமை வேண்டும். இயந்திரத்தின் விளிம்பில் பழைய பசை ஒரு துளியும் இருக்கக்கூடாது, எண்ணெய்ப் பிசுக்கும் கூடாது. எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வலையையும் பாருங்கள், அடைத்திருந்தால் கழுவுங்கள். தின்னர் போட்டுத் துடைக்கும்போது சிகரெட் வேண்டாம். புதுச் சட்டியைப் பழையதோடு பக்கத்தில் வைத்து ஆழத்தையும் ஓட்டைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சில வண்டிகளுக்குக் கேஸ்கட் உண்டு, சிலவற்றுக்குப் பசை மட்டும். பசையை அள்ளி அப்பக்கூடாது. மெல்லிய கோடாக, போல்ட் ஓட்டைகளின் உட்பக்கமாக இழுத்து, காய்வதற்குள் சட்டியை ஏற்றிவிட வேண்டும். கூடுதல் பசை உள்ளே பிதுங்கி, உடைந்து, அந்த வலையில் போய் அடைத்துக்கொள்ளும். போல்ட்டுகளை முதலில் விரலால் பிடித்து, பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மணிக்கட்டுப் பலம் போதும். முறுக்கினால் போல்ட் ஒடியும், அல்லது தகடு வளைந்து மறுபடி ஒழுகும்.

உடனே எண்ணெய் ஊற்ற மனசு துடிக்கும். பால் உறையுமுன் உருளையில் கொடுப்போமா? ஓர் இரவு காயட்டும். மறுநாள் புது வடிகட்டி போட்டு, வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவு ஊற்றி, இயந்திரத்தை ஓடவிடுங்கள். எண்ணெய் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால், கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, எண்ணெய் இறங்கியபின் அளவுக் கம்பியைப் பாருங்கள்.

வடித்த எண்ணெயை என்ன செய்வது? கரையானுக்கென்று தூணில் பூசுவதும் கால்வாயில் கொட்டுவதும் நம்மிடம் பழைய பழக்கம். அது கிணற்றுக்கும் போகும், கடலுக்கும் போகும். 2005-ஆம் ஆண்டு வந்த சட்டவிதிகளில் பழைய மசகெண்ணெய் கட்டுப்படுத்தப்பட்ட கழிவாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. டின்னில் மூடி வைத்து, எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பழைய சட்டியைக் குப்பையில் எறிய வேண்டாம். பழைய இரும்பு வாங்குபவர் எடை போட்டு எடுத்துக்கொள்வார்.