விமானம் ஓட்டக் கற்றல்

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வசிக்கும் மாணவர்கள் சித்திரை, வைகாசி மாதங்களில் ஒரு காட்சியைக் கண்டிருக்கலாம். பல நாட்களில், காலை வேளையில் விமானங்கள் கடற்புறத்திலிருந்து தாழ்ந்து தாழ்ந்து வந்து, நம் தலைக்கு மேலாகக் கிண்டியை நோக்கிச் செல்கின்றன. பிற்பகலிலோ அதே வானில் விமானங்கள் கிண்டிப் புறமிருந்து எழுந்து, முழங்கிக்கொண்டு உயர்ந்து, கடலை நோக்கிப் போகின்றன. காலையில் இறக்கம், பிற்பகலில் ஏற்றம். இடையில் என்ன நிகழ்ந்தது?

காற்றுத் திரும்பியது. விமானம் தரையை விட்டு எழும்போதும் தரையில் இறங்கும்போதும் காற்றை எதிர்த்தே செல்ல விரும்பும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் சிறு விமானம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரே 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், தரையைப் பொறுத்தவரை அதன் வேகம் 75 தான். அதே காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு இறங்கினால் வேகம் 125 ஆகிவிடும். எந்த வேகத்தில் சக்கரம் தரையைத் தொடுவது நல்லது என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

மீனம்பாக்கத்துப் பெரிய ஓடுபாதையின் ஒரு முனையில் 07 என்றும், மறு முனையில் 25 என்றும் எழுதியிருக்கும். திசைகாட்டியில் 70 பாகையை நோக்கி ஓடுவது 07. எதிர்த்திசையில் 250 பாகையை நோக்கி ஓடுவது 25. கடைசிச் சுன்னத்தை விட்டுவிட்டு எழுதுவது உலகெங்கும் வழக்கம். கோடைக்காலத்துக் காலையில் மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. அந்தக் காற்றுக்கே நம் முன்னோர் 'கோடை' என்று பெயரிட்டிருந்தனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல். கோடை வீசும்வரை விமானங்கள் மேற்கு நோக்கி இறங்குகின்றன. ஆகவே நம் வீடுகளைக் கடந்து வருகின்றன. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று நகருக்குள் புகுந்ததும் ஓடுபாதையின் திசையை மாற்றுகிறார்கள். வேர்த்துக்கொண்டிருக்கும் நமக்கு அது ஆறுதல். விமானம் பயிலும் மாணவனுக்கோ அது பாடம். அதுவும் முதற்பாடங்களுள் ஒன்று. இயந்திரத்தைப் பற்றி அறிவதற்கு முன்பே அவன் காற்றைப் பற்றி அறியவேண்டும்.

இந்தப் பாடம் நம் ஊருக்குப் புதிதன்று. 1910ஆம் ஆண்டிலேயே, சென்னையில் விடுதி நடத்திவந்த டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்ப்ஸன் கம்பெனியாரைக்கொண்டு ஒரு விமானம் கட்டுவித்துப் பறந்து காட்டினார். 1930ஐ ஒட்டிச் சென்னை விமானச் சங்கம் தோன்றியது. 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே. ஆர். டி. டாட்டா ஓட்டிவந்த தபால் விமானத்தை, பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்ஸென்ட். அந்நாளைய பயிற்சி விமானங்கள் மேலே கூரையற்றவை. ஆசிரியர் ஓர் இருக்கையிலும் மாணவர் மற்றோர் இருக்கையிலும், ஒருவர் பின் ஒருவராக அமர்வார்கள். இருவருக்கும் இடையே ஒரு குழாய். ஆசிரியர் அதில் வாய் வைத்துப் பேசுவார், மாணவர் காதில் அது கேட்கும். காற்றின் இரைச்சலில் எத்தனை சொல் விழுந்திருக்கும், எத்தனை சொல் பறந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். இக்காலத்தில் இருவரும் அருகருகே அமர்ந்து, காதணிக் கருவியில் அமைதியாகப் பேசிக்கொள்கிறார்கள். ஆயினும் கற்பிக்கும் முறை பெரிதாக மாறிவிடவில்லை.

விமானியாக விரும்புவோர் முதலில் அறியவேண்டியது தகுதி. மாணவ விமானிக்குரிய அனுமதியைப் 16 வயதில் பெறலாம். ஊதியத்துக்கு விமானம் ஓட்டும் உரிமத்துக்கு 18 வயது நிறைந்திருக்கவேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் பயின்றிருத்தல் நெடுநாளைய விதி. அடுத்தது உடல்நிலை. மூக்குக்கண்ணாடி அணிந்தவர் விமானி ஆகமுடியாது என்று பலர் எண்ணிக்கொண்டு ஆசையையே விட்டுவிடுகிறார்கள். பயணிகள் விமானத் துறையில் அவ்வாறு இல்லை. கண்ணாடியால் பார்வை உரிய அளவுக்குத் திருந்துமானால் போதும். ஆனால் நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றல் அவசியம். சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண இயலாத இளைஞர் பலருக்கு அக்குறை இருப்பதே தெரியாது, பரிசோதனையில்தான் தெரியவரும். ஆகையால் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை: பயிற்சிக் கட்டணம் பல பத்து லட்ச ரூபாய் ஆகிறது, அதற்காக வீட்டை அடகு வைப்பவர்களும் உண்டு. உடற்பரிசோதனையை முதலில் முடித்துக்கொண்டு, பணத்தைப் பின்னர்க் கட்டுங்கள்.

தரையில் கற்கவேண்டிய பாடங்கள் சில உண்டு. வழி காணும் கலை, வானிலை, வான்வழிச் சட்டங்கள், விமானத்தின் அமைப்பு ஆகியவை அவை. தேர்வுகளில் நூற்றுக்கு 70 பெற்றால்தான் வெற்றி. 35 பெற்றுத் தேறிப் பழகிய நமக்கு இது கடுமையாகத் தோன்றலாம். எஞ்சிய முப்பதையும் பறக்கத் தொடங்குமுன் கற்றுக்கொள்வதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

வானொலியில் பேசுவதற்கும் தனிப் பரீட்சை உண்டு. ஆங்கில எழுத்துக்களை ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று சொல்லவேண்டும். ஒன்பது என்ற எண்ணை 'நைன்' என்று சொல்லாமல் 'நைனர்' என்று சொல்லவேண்டும். இரைச்சலில் அது 'ஃபைவ்' என்று கேட்டுவிடக் கூடாது. இதெல்லாம் வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவில் நடந்ததை அறியவேண்டும். மூடுபனியில் இரண்டு பெரிய விமானங்கள் ஒரே ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். புறப்பட உத்தரவு கிடைத்துவிட்டதாக ஒரு விமானி எண்ணிவிட்டதே அதன் முக்கிய காரணம். அதன் பின்னர், 'டேக் ஆஃப்' என்ற சொல்லை, உண்மையாகவே புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்துச் செய்யும்போதும் அன்றி, வேறு சமயத்தில் உச்சரிக்கலாகாது என்று விதித்தார்கள்.

இனி வானத்துக்குச் செல்வோம். நேராகப் பறத்தல், திரும்புதல், ஏறுதல், இறங்குதல் ஆகியவற்றை முதற்சில மணி நேரங்களில் மாணவன் பழகிக்கொள்கிறான். பிறகு ஆசிரியர் அவனை நல்ல உயரத்துக்கு அழைத்துச் சென்று, விசித்திரமான காரியம் ஒன்றைச் செய்யச் சொல்கிறார்: விமானம் தாங்குதலை இழக்கும்படி செய்! ஆங்கிலத்தில் இதனை 'ஸ்டால்' என்பார்கள். நம்மூரில் மோட்டார் நின்றுபோவதற்கும் இச்சொல்லை வழங்குகிறோம். இங்கே மோட்டாருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிக் காற்று வழுவழுவென்று ஓடும்வரைதான் இறக்கை விமானத்தைத் தாங்கும். மூக்கை மேலும் மேலும் தூக்கினால், இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் அதிகமாகிறது. ஏறத்தாழ 15 பாகையைக் கடந்ததும் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுப் பிரிந்து, கலங்கிச் சுழல்கிறது. தாங்குதல் குலைகிறது. விமானம் நடுங்குகிறது, மூக்குத் தாழ்கிறது, வயிற்றில் ஏதோ கழன்று விழுந்ததுபோல் தோன்றுகிறது.

அப்போது என்ன செய்யவேண்டும்? விழுகின்றவன் மேலே இழுக்கத்தான் விரும்புவான். கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்து மூக்கை உயர்த்த அவன் உடலே அவனைத் தூண்டும். அப்படிச் செய்தால் கோணம் இன்னும் மிகுந்து நிலைமை மோசமாகும். கைப்பிடியை முன்னே தள்ளி, மூக்கைத் தாழ்த்தவேண்டும். தரை கீழே தெரிகிறது, அதை நோக்கியே மூக்கைத் திருப்பவேண்டும்! காற்று மீண்டும் இறக்கையைப் பற்றிக்கொண்டபின், மெல்ல நிமிர்த்தலாம். இதைப் புத்தகத்தில் படிக்க இரண்டு நிமிஷம் போதும். கை தானாகச் செய்யும்படி பழக எத்தனையோ முறை வேண்டியிருக்கிறது.

2009 ஜூன் முதல் தேதியன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குச் சென்ற ஏர் பிரான்ஸ் விமானம் ஒன்று அட்லாண்டிக் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 228 பேரும் இறந்தனர். வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்துக்கொண்டது. தானியங்கிக் கருவி விலகிக்கொண்டது. விமானியின் கையில் விமானம் வந்தது. அவர் மூக்கை உயர்த்தினார். தாங்குதல் போயிற்று, எச்சரிக்கை ஒலித்தது, அப்போதும் பெரும்பாலும் மூக்கை உயர்த்தியே வைத்திருந்தார். பழுதில்லாத இயந்திரங்களோடு அந்த விமானம் கடலில் வந்து விழுந்தது. சிறு விமானத்தில் மாணவன் கற்கும் அதே பாடம், பெருவிமானத்தில் நள்ளிரவில், குழப்பத்தினிடையே, சில விநாடிகளுக்குள் தேவைப்பட்டது.

பின்னர் மாணவன் ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றிப் பறந்து இறங்கிப் பழகுகிறான். எழு, திரும்பு, திரும்பு, இறங்கு, மறுபடி எழு. கோயில் பிரதட்சிணம் போல இது நாள்தோறும் நடக்கும். ஒரு நாள், முன்னறிவிப்பு இல்லாமல், ஆசிரியர் கதவைத் திறந்து இறங்கிவிடுவார். "ஒரு சுற்றுப் போய்வா" என்பதுதான் உத்தரவு. சிலருக்குப் பத்து மணி நேரப் பயிற்சியில் இந்நாள் வரும். சிலருக்கு இருபது மணிக்கு மேலும் ஆகும். இதில் முந்துவது ஒரு பெருமை அன்று. ஆசிரியரின் பாரம் குறைந்துவிட்டதால் சிறு விமானம் அன்று சட்டென்று மேலே கிளம்பும். அதை எதிர்பாராத மாணவன் திகைப்பான். பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்க அவனுக்கு நேரமிராது.

ஊதிய உரிமத்துக்கு மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்துக்குத் தானே தலைவனாக இருந்திருக்கவேண்டும். 20 மணி நேரமாவது ஊர் விட்டு ஊர் செல்லும் பறத்தல்; அதனுள் ஒரு பயணம் 300 கடல்மைலுக்குக் குறையாமல், வழியில் வேறு இரண்டு நிலையங்களில் இறங்கி எழுவதாக அமையவேண்டும். இரவில் 5 மணி நேரம் பறக்கவேண்டும். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டுமே நம்பிச் செய்யும் பயிற்சியும் உண்டு. பெரிய விமானத்துக்குத் தலைமை விமானியாக வேண்டிய உரிமத்துக்கோ 1500 மணி நேரம் தேவை.

இந்த மணிகளையெல்லாம் மாணவன் தன் குறிப்பேட்டில் எழுதிவருகிறான். நான் முக்கியமாகக் கருதுவது இந்தக் குறிப்பேட்டைத்தான். 2011ஆம் ஆண்டில் நம் நாட்டில் சிலர் போலி மதிப்பெண் சான்றுகளைக் காட்டி உரிமம் பெற்றிருந்தது வெளிப்பட்டது; பறக்காத மணிகளைப் பறந்ததாக எழுதிக்கொண்ட செய்திகளும் வந்தன. ஆலங்கட்டி மழைக்கு அந்தக் குறிப்பேட்டைக் காட்டி என்ன பயன்? இரவில் ஐந்து மணி நேரம் என்று பொய்யாக எழுதியவன், ஓர் இரவில் நம் வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இறங்கவேண்டியவன்.

குறிப்பேட்டில் இடம் பெறாத பாடம் ஒன்றும் உண்டு: இன்று பறக்கவேண்டாம் என்று முடிவு செய்வது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் கடற்கரையில் மேகம் தாழ்ந்து நிற்கும்போது, நேரமும் பணமும் போகிறதே என்று மனம் தவிக்கும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி மீனம்பாக்கம் நிலையத்தையே மூழ்கடித்தது; நிலையம் சில நாட்கள் மூடப்பட்டிருந்தது. அடையாற்றுப் பாலத்தின் கீழ் நாம் காணும் அதே ஆறு, அங்கே இரண்டாவது ஓடுபாதையின் அடியில் ஓடுகிறது. அந்த நாட்களில் முடிவு செய்ய எவருக்கும் சிரமமிருந்திராது. சிரமம் எல்லாம், பாதி வானம் தெளிவாகவும் பாதி கறுத்தும் இருக்கும் நாட்களில்தான்.

எங்கே சென்று பயில்வது? பெருவிமானங்கள் இடைவிடாமல் வந்து போகும் மீனம்பாக்கத்தில் சிறு பயிற்சி விமானத்துக்கு இடம் சுருங்கிவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்ச் என்னும் ஊரில் மத்திய அரசின் இந்திரா காந்தி பெயர் தாங்கிய கழகம் இருக்கிறது. பெங்களூரை அடுத்த ஜக்கூரில் பழைய அரசுப் பள்ளி ஒன்று உண்டு. சுதந்திரம் வந்த புதிதில் உஷா சுந்தரம் என்னும் இளம்பெண் பயின்றது அங்கேதான். பின்னர் 1950களின் தொடக்கத்தில், அவரும் அவர் கணவர் காப்டன் சுந்தரமும் சென்னை அரசாங்கத்துக்காக வாங்கிய டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

எந்தப் பள்ளியானாலும், சேருமுன் நேரில் போய்ச் சில கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை விமானங்கள் இருக்கின்றன என்று கேட்பதோடு நின்றுவிடாமல், இன்று அவற்றுள் எத்தனை பறக்கும் நிலையில் உள்ளன என்று கேளுங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், சென்ற ஆண்டு சேர்ந்தவர்கள் இதுவரை எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார்கள் என்று, அங்கே பயில்கின்ற மாணவர்களிடமே விசாரியுங்கள். ஓராண்டில் முடியும் என்று சொல்லப்படும் பயிற்சி இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நீள்வது அரிதன்று. அதற்குரிய பணத்தையும் பொறுமையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டே விண்ணப்பத்தை நிரப்புங்கள்.