எஜமானனின் குரல்

கல்கத்தாவில் நான் சிறுவனாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அப்பா கிராமபோனில் எம்.எஸ். அவர்களின் இசைத்தட்டை வைப்பார். எனக்குப் பாட்டைவிட எச்.எம்.வி. முத்திரைதான் பிடிக்கும். குழாயின் முன் அமர்ந்து தலை சாய்த்துக் கேட்கும் நாய்! ‘ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்’ என்றால் ‘எஜமானனின் குரல்’ என்று அப்பா சொல்லித் தந்தார். எச்.எம்.வி. தட்டுகள் தயாரான ஆலை இங்கே டம்டம்மில்தான் இருந்தது.

அதே பெயரில் இத்தாலியில் ஒரு இசைத்தொகுப்பு வந்து சக்கைப்போடு போட்டது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 1986-ல் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு இயந்திரம் நிறுவ மிலானிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். மாலையானால் ஒரே காஸெட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பார். அட்டையில் ‘லா வோச்சே தெல் பத்ரோனே’ என்று இருந்தது. பொருள் கேட்டேன். ‘எஜமானனின் குரல்’! இத்தாலியில் எச்.எம்.வி.க்கே அதுதான் பெயராம்.

பாடியவர் பிராங்கோ பத்தியாத்தோ. 1945-ல் சிசிலித் தீவில், எட்னா எரிமலையின் பக்கம் பிறந்தவர். இளம் வயதிலேயே வடக்கே மிலானுக்குப் போனார். அந்நாளில் இத்தாலியின் தென்பகுதியிலிருந்து லட்சக்கணக்கானோர் பிழைப்புத் தேடி வடக்கத்தி நகரங்களுக்குச் சென்றார்கள். வாயைத் திறந்ததுமே தெற்கத்திக்காரன் என்று கண்டுகொள்வார்களாம். நமக்குப் புரியாத விஷயமா?

மிலானில் அவர் ஸிந்தஸைஸர் என்ற கருவியைக் கையாளத் தொடங்கினார். தந்தியோ காற்றோ இல்லாமல், மின்சுற்றின் அதிர்விலிருந்தே ஒலியை உண்டாக்கும் கருவி அது. 1972-ல் ‘ஃபீத்துஸ்’ தொடங்கிச் சில ஆண்டுகள் பரிசோதனை இசைதான். ரசிகர்கள் இருந்தார்கள், ஆனால் சிறு கூட்டம். பிறகு வயலின் கலைஞர் ஜுஸ்தோ பியோவுடன் சேர்ந்து, எல்லோரும் முணுமுணுக்கக் கூடிய மெட்டுகளுக்கு வந்தார். 1981 செப்டம்பரில் ஈ.எம்.ஐ. வெளியிட்ட இந்தத் தொகுப்பில் மொத்தம் 7 பாடல்கள்; அரை மணி நேரம்தான். ஸிந்தஸைஸரின் சீரான தாளம், அதன் மேல் வயலின்கள், இடையில் சேர்ந்திசைக் குரல்கள். இத்தாலியில் பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் இத்தாலிய இசைத்தொகுப்பு இதுவே.

ஜனரஞ்சகமானதால் விஷயம் நீர்த்துப் போகவில்லை. ஆடிப் பாடத் தோன்றும் ‘செந்த்ரோ தி கிராவிதா பெர்மனேந்தே’, அதாவது ‘நிலையான ஈர்ப்பு மையம்’ என்ற பாடலின் கருத்து, ஆர்மீனியாவில் பிறந்த ஞானி குர்ஜீப்பின் போதனையை ஒட்டியது. காற்றடிக்கும் பக்கமெல்லாம் சாயும் மனத்துக்கு ஒரு மையம் வேண்டும் என்பதே சாரம்.

அதே பாடலில், சீனத்து மிங் அரசவையில் பௌத்தத் துறவி வேடத்தில் இருந்த ஏசு சபைப் பாதிரிமார்களும் வருகிறார்கள். பொறியாளர் இதை விளக்கியபோது நான், “எங்கள் மதுரைக்கும் ஒருவர் வந்தார்” என்றேன். 1606-ல் வந்த இத்தாலியரான ராபர்ட் டி நோபிலி, காவியுடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்றவர். உடையும் உணவும் பேச்சும் மாறின. வந்த நோக்கம் மாறவில்லை. பொறியாளர் வியந்து போனார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், என் மகன். பத்து வயது. வீட்டிலும் வங்காளிதான் பேசுவான். தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தான். அதற்காக அந்த வாரம்தான் அவனை அடித்திருந்தேன். நோபிலிக்கு மதுரைத் தமிழ் எப்படியோ, அப்படித்தானே அவனுக்கு வங்காளி? ஊரோடு ஒத்துப்போவது குற்றமா? மையம் இருக்கிறதா என்பதல்லவா கேள்வி? அதை அடித்து உண்டாக்க முடியுமா?

அதன்பின் நான் அவனைத் திட்டவில்லை. ஞாயிறு காலைகளில் அப்பாவின் தட்டுகளை மட்டும் வைத்தேன்.

பத்தியாத்தோ பின்னாளில் சிசிலிக்கே திரும்பினார். எட்னாவின் சரிவிலுள்ள மீலோ என்ற சிற்றூரில் 2021 மே 18-ல் காலமானார். செய்தியைப் படித்ததும் மகனுக்குப் போன் செய்தேன். இப்போது புனேயில் இருக்கிறான். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு பாட்டுக் கேட்டது. எம்.எஸ். குரல். தமிழில் எழுதத் திணறுவான். ஆனால் அந்தக் குரல் கேட்டால் தலை சாய்த்துக் கேட்கிறான்.

எனக்கு அது போதும்.