விடுதி அறைச் சுவரும் நமது சரக்கும்

கல்லூரிகள் திறக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் பாய், பக்கெட் வாங்க வரும் மாணவர்கள், போட்டோவும் சீரியல் லைட்டும் மாட்ட ஏதாவது கேட்பது வழக்கம். பல விடுதிகளில் ஆணி அடித்தால் காஷன் டெபாசிட்டில் பிடித்தம் உண்டு. ஆகவே ஒட்டும் ஹூக் நன்றாக விற்கிறது. 'விழுந்துவிட்டது' என்ற புகாரும் பின்னாலேயே வருகிறது.

பெரும்பாலும் குறை சரக்கில் இல்லை, சுவரில்தான். சுண்ணாம்பு அடித்த சுவரில் பசை நிற்காது, வெள்ளை உரிந்து வரும். சாதாரண டிஸ்டெம்பரும் ஏறக்குறைய அப்படியே. அத்தகைய அறைக்கு ஜன்னல் கம்பியில் கட்ட நைலான் கயிறும் துணி கிளிப்பும் போதும். இரும்பு பீரோ இருந்தால் காந்தம். லாபம் சொற்பம், ஆனால் பொருள் திரும்பி வராது.

எனாமல் பெயிண்ட், டைல்ஸ், வார்னிஷ் கதவு என்றால், 3எம் நிறுவனம் 1996-ல் கொண்டுவந்த 'கமாண்ட்' போன்ற, இழுத்து எடுக்கும் ஸ்ட்ரிப்பைத் தரலாம். இடத்தைத் துடைத்து உலரவிட்டு, 30 விநாடி அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்தே பாரம் மாட்ட வேண்டும். கழற்றும் விதத்தைக் கல்லாவிலேயே சொல்லிவிடுங்கள்: ஸ்ட்ரிப்பின் வாலைத் தம் பக்கம் இழுக்காமல், சுவரை ஒட்டி நேர் கீழாக மெதுவாக இழுத்தால் அது நீண்டு தானே விட்டுவிடும். இருபுறம் ஒட்டும் ஃபோம் டேப் அப்படியல்ல. பெயிண்டையும் பெயர்த்து வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் தனித்தனித் தட்டில் வைப்பது நல்லது. கடிகாரம் மாட்டக் கேட்பவரிடம் பாக்கெட்டில் அச்சிட்ட எடை வரம்பைக் காட்டிவிட்டு பில் போடுங்கள்.