பிரைட் ரைசுக்கு நேற்றைய சோறு வேண்டாம்!

சாத்தம்: அந்தமானில் 1883-ம் ஆண்டு மரமறுக்கும் ஆலை தொடங்கப்பட்ட தீவு இது. போர்ட் பிளேர் நகரத்துடன் ஒரு பாலத்தால் இணைக்கப்பட்டு இருக்கிறது. அந்த நகரத்துக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. ஆலை, துறைமுகம், அலுவலகம் என்று வேலைக்கு வந்த தமிழர்களில் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, அறை எடுத்துத் தாங்களே சமைத்துச் சாப்பிடுகிறார்கள்.

இரவு வடித்த சோறு மிஞ்சினால் மூடி வைத்து விடுவது, காலையில் அதையே வெங்காயம், சோயா சாஸ் போட்டு வறுத்து டிபன் டப்பாவில் கட்டிக்கொள்வது என்பது அறைவாசிகளுக்குப் பழகிப்போன ஒன்று. சோறும் வீணாகவில்லை, ஓட்டல் செலவும் மிச்சம் என்று ஒரு திருப்தி.

"நெருப்பில் நன்றாக வறுத்து விட்டோம். இனி என்ன பயம்?" என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பயம் அங்கேதான் இருக்கிறது.

வெந்தாலும் சாகாத வித்து

பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி. மண்ணில் வாழ்வது, அரிசியோடும் வரும். உலை கொதிக்கும்போது கிருமி செத்தாலும் அதன் வித்துகள் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் வித்து முளைத்துப் பெருகும். நஞ்சைச் சுரக்கும்.

கிருமியை வறுத்துக் கொல்லலாம். வாந்தியை உண்டாக்கும் அதன் நஞ்சை வறுத்து அழிக்க முடியாது. சாப்பிட்ட 1 மணி முதல் 6 மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வந்துவிடும். பெரும்பாலோருக்கு ஒரு நாளில் சரியாகிவிடும். அபூர்வமாக உயிரைப் பறித்ததும் உண்டு.

1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சீன உணவகங்களில் பிரைட் ரைஸ் சாப்பிட்ட பலர் அடுத்தடுத்து வாந்தி எடுத்தார்கள். ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது. குளிர்பெட்டியில் வைத்தால் சோறு கட்டி தட்டும் என்று, மொத்தமாக வேகவைத்த சோற்றை இரவு முழுவதும் வெளியிலேயே வைத்திருந்தார்கள்.

குளிர் நாட்டிலேயே அப்படி என்றால், ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லி மீட்டர் மழை பெய்யும், எப்போதும் புழுக்கமான சாத்தத்தில் சொல்லவே வேண்டாம். சமைத்த பண்டம் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது என்பது விதி.

"நம் பாட்டன் காலத்திலிருந்து பழைய சோறு சாப்பிடவில்லையா?" என்று கேட்கலாம். அது நீரில் ஊறிப் புளிப்பேறிய சோறு. புளிப்பில் இந்தக் கிருமி எளிதில் பெருகாது. தண்ணீர் ஊற்றாமல் மூடி வைத்த சோறு வேறு, பழையது வேறு.

அன்றே வடித்து அன்றே வறுக்கலாம்

பிரைட் ரைசுக்கு உதிரியான சோறுதான் தேவையே தவிர, நேற்றைய சோறு தேவையில்லை. கஞ்சி வடிக்கும் நம் வழக்கம் இதற்கு மிகவும் ஏற்றது.

இரண்டு பேருக்கு 1 டம்ளர் புழுங்கல் அரிசி போதும். 6 டம்ளர் தண்ணீர் கொதித்த பிறகு அரிசியைப் போட்டு, பருக்கை குழையுமுன் வடித்துவிட வேண்டும். அகலமான தாம்பாளத்தில் மெல்லியதாகப் பரப்பி, 1 ஸ்பூன் எண்ணெய் பிசறி, அரை மணி நேரம் மின்விசிறிக் காற்றில் வைத்தால் ஈரம் வற்றிச் சோறு உதிரியாகிவிடும். உடனே வறுக்கலாம். குளிர்பெட்டி உள்ளவர்கள் ஆறியவுடன் உள்ளே வைத்து மறுநாள் எடுக்கலாம்.

கப்பல் காயும் நாட்டுக் காயும்

காரட்டும் கோசும் பீன்சும் கடல் தாண்டி வர வேண்டியவை. சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோ மீட்டர். கப்பல் தாமதமானால் விலை ஏறும், காயும் வாடும். அதனால் பிரைட் ரைசைக் கைவிட வேண்டியதில்லை.

பீன்சுக்குப் பதில் தீவில் விளையும் தட்டைக்காயைப் பொடியாக நறுக்கிப் போடலாம். கோசுக்குப் பதில் பச்சைப் பப்பாளியை மெல்லிய குச்சிகளாக நறுக்கலாம். காரட்டின் நிறத்துக்கும் இனிப்புக்கும் மஞ்சள் பூசணி இருக்கிறது. வெண்டைக்காய் கொழகொழக்கும், பீர்க்கங்காய் நீர் விடும். இரண்டும் வேண்டாம்.

எல்லாம் சேர்ந்து கால் கிலோ காய் போதும். வாணலியில் 2 மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் பூண்டு 4 பல், பச்சை மிளகாய் 2, வெங்காயம் 1 வதக்க வேண்டும். பிறகு கெட்டியான காய் முதலில், மெல்லிய காய் பின்னால். அடுப்பு முழு வேகத்தில் எரிய வேண்டும். மூடி போடக் கூடாது, போட்டால் காய் நீர் விட்டுக் குழையும். சின்ன அடுப்பு என்றால் இரண்டு தடவையாக வறுப்பது நல்லது.

முட்டைக்குப் பதில்

புரட்டாசி விரதம் இருப்பவர்களும், பாலும் நெய்யும் கூட வேண்டாம் என்பவர்களும் சாப்பிடக் கூடியது இது. முட்டை தரும் சத்துக்கு மீல் மேக்கர் கைகொடுக்கும். அதன் எடையில் பாதிக்கு மேல் புரதம். உலர்ந்த பண்டம் என்பதால் கப்பல் தாமதமானாலும் கெடாது. 25 கிராம் எடுத்துக் கொதிக்கும் உப்பு நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, பிழிந்து, நறுக்கிக் காயோடு வறுக்கலாம்.

கடைசியில் சோற்றைக் கொட்டி, சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி, மிளகுத் தூள் அரை ஸ்பூன் தூவி, உடையாமல் புரட்டி இறக்க வேண்டும். அந்த 1 கரண்டி சாசில் மட்டும் சுமார் 2 கிராம் உப்பு இருக்கிறது. ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள்தான் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆகவே ருசி பார்த்த பிறகே உப்பு சேர்க்க வேண்டும். சிப்பி சாஸ், மீன் சாஸ் இரண்டும் சைவம் அல்ல.

மதியத்துக்கு எது?

காலை 7 மணிக்குக் கட்டிய பிரைட் ரைசைப் பகல் 1 மணிக்குத் திறப்பது நல்லதல்ல. கை பொறுக்காத சூட்டிலேயே வைத்திருக்கும் ஹாட் பாக்ஸ் இருந்தால் மட்டும் கட்டலாம்.

மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போகப் புளிச்சோறு இருக்கிறது. யாத்திரைக்கு அதைக் கட்டிக் கொடுத்த நம் பெரியவர்கள் கிருமியின் பெயர் அறியாதவர்கள். ஆனால் எந்தச் சோறு தாங்கும், எது தாங்காது என்று அறிந்தவர்கள்.

பிரைட் ரைஸ் இரவுச் சாப்பாடாக இருக்கட்டும். வேலை முடிந்து வந்து வடித்து, ஆற வைத்து, வறுத்து, அறை நண்பர்களோடு சூடாகச் சாப்பிடலாம். அப்படியும் மிஞ்சினால்? வறுத்த சோற்றைக் காலைக்கு வைக்க வேண்டாம். வறுக்காத வெறும் சோறு என்றால், ஆறியதும் தண்ணீர் ஊற்றி வைக்கலாம். அதற்குத் தொட்டுக்கொள்ள ஒரு சின்ன வெங்காயம் போதும்.