கடல் தந்த துள்ளிசை

நுழையும்முன்

மொழி பிறமொழிச் சொற்களை ஏற்றுக்கொள்வதுபோல, இசையும் பிற நிலத்து இசையை ஏற்றுத் தனதாக்கிக்கொள்ளும். போர்த்துக்கீசியரின் வருகையால் இலங்கையில் வேரூன்றிய ஆடலிசை ஒன்று, ஈழத்துப் பாடகர் ஒருவரின் குரல்வழித் தமிழகம் வந்தடைந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

காரைக்குடியில் செட்டிநாட்டு வீடுகளைக் காணச் செல்வோர் மர அலமாரிகளையும் வரிசையாக அமைந்த சன்னல்களையும் கனத்த சாவிகளையும் கண்டு வியப்பர். அலமாரி, சன்னல், சாவி ஆகிய மூன்றும் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள். நகரத்தார் வணிகத்தின்பொருட்டுச் சென்ற இலங்கையிலும் போர்த்துக்கீசியரின் சுவடுகள் பல உள்ளன. நகரத்தார் தொழில் நடத்திய கொழும்புத் தெரு, செட்டியார் தெரு என்றே இன்றும் வழங்குகிறது. அத்தீவில் போர்த்துக்கீசியர் சொற்களோடு ஓர் இசையையும் விட்டுச் சென்றனர். அதுவே பைலா.

பைலாவின் பிறப்பு

1505ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த போர்த்துக்கீசியர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆட்சி அகன்ற பின்னும் அவர்தம் ஆடலும் பாடலும் மறையவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களாகிய காப்பிரியரும், ஐரோப்பிய வழிவந்த பறங்கியரும் அவற்றைக் காத்தனர். போர்த்துக்கீசிய மொழியில் ஆடுதலைக் குறிக்கும் சொல்லே பைலா என்னும் பெயருக்கு அடிப்படை. மும்மூன்றாகத் துள்ளிவரும் அதன் தாளம், நம் இசையின் திசிர நடையை நினைவூட்டும். இருபதாம் நூற்றாண்டில், காவல்துறையில் பணியாற்றிய வாலி பாஸ்டியன் சிங்களத்தில் பைலாவைப் பரவலாக்கினார்.

தமிழில் துள்ளிசை

இவ்விசையின் சாயலில் ஈழத்தமிழர் படைத்த பாடல்கள் துள்ளிசை எனவும் பொப்பிசை எனவும் பெயர்பெற்றன. அவற்றைப் பாடியோருள் நித்தி கனகரத்தினம் முன்னோடியாகக் கருதப்படுகிறார். அவ்வரிசையில் பெரும்புகழ் ஈட்டியவர் ஏ.ஈ. மனோகரன். பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று இரசிகர்கள் அவரைப் போற்றினர். செங்கை ஆழியானின் புதினத்தைத் தழுவி 1978இல் வெளிவந்த 'வாடைக்காற்று' என்னும் ஈழத்துத் திரைப்படத்திலும் அவர் நடித்தார்.

மனோகரன் புகழ்பெறச் செய்த பாடல் 'சுராங்கனி'. சுராங்கனி என்னும் பெண்ணுக்கு மீன் கொண்டுவந்த செய்தியைச் சொல்லும் எளிய பாடல் அது. சிங்களமும் தமிழும் அதில் ஒன்றையொன்று தழுவி நிற்கும். 'மாலு' என்பது மீனைக் குறிக்கும் சிங்களச் சொல் என்பதை அறியாதவரும் அதனைப் பாடிக் களித்தனர்.

பாடல் பரவிய காலத்தை எண்ணிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனச் சட்டம் இயற்றப்பட்டது. இரு மொழியினருக்கும் இடையே விரிசல் வளர்ந்துவந்த 1970களில் இரு மொழிகளையும் இணைத்த இப்பாடல் ஒலித்தது. 1983 சூலையில் தமிழர்மீது கொடிய வன்முறை ஏவப்பட்டது. நெடிய போரும் தொடர்ந்தது. அத்துயரைத் தடுக்கும் ஆற்றல் ஒரு பாடலுக்கு இல்லை. எனினும், ஒரே மேடையில் இரு மொழிகளும் கைகோத்து மகிழ்ந்த காலம் ஒன்று இருந்தது என்பதற்கு அது சான்றாகிறது.

தமிழகத்தில்

1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்தில் இளையராசாவின் இசையமைப்பில் 'சுராங்கனி' இடம்பெற்றது. மனோகரனும் தமிழகத்தில் குடியேறித் திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். 2018 சனவரியில் சென்னையில் காலமானார்.

கல்விச் சுற்றுலாப் பேருந்துகளில் கைதட்டிப் பாடப்படும் அப்பாடலை அறிந்தோர் பலர். அதனைப் பரப்பிய பாடகரின் பெயரை அறிந்தோர் சிலர். அடிமைப்பட்டோரும் புலம்பெயர்ந்தோரும் வளர்த்த இசை அது. அதன் தாளத்தை நமதாக்கிக்கொண்ட நாம், அதனைச் சுமந்து வந்தோரையும் நினைவில் கொள்வது நன்றியறிதலாகும்.