அதிரும் கண்ணாடியும் விண்கலமும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் செல்வோர் சேர்வராயன் மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கின்றனர். ஒவ்வொரு வளைவும் தாண்டியபின் ஓட்டுநர் எஞ்சினின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார். அப்போது ஜன்னல் கண்ணாடியைக் கவனியுங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அது படபடவென்று அடித்துக்கொள்ளும். வேகம் மேலும் ஏறினால் அடங்கிவிடும். எஞ்சினின் அதிர்வெண் கண்ணாடியின் இயல்பான அதிர்வெண்ணோடு பொருந்திய கணம் அது. இதனை ஒத்ததிர்வு என்பர்.

விண்கலங்களிலும் இதைத் தேடிப் பார்க்கிறார்கள். சந்திரயான்-3 பெங்களூரில் 2023 மார்ச்சில் அதிர்வுச் சோதனைக்கு உட்பட்டது. இத்தகைய சோதனைகளுள் ஒரு வகையில், கலத்தை அதிர்மேடையில் பொருத்தி, சைன் அலையின் அதிர்வெண்ணை மெல்ல உயர்த்துவர். 5 ஹெர்ட்ஸில் தொடங்கி 80 வரை செல்வதாகக் கொள்வோம். 10, 20, 40, 80 என நான்கு முறை இரட்டிக்கிறது. நிமிடத்திற்கு இருமுறை இரட்டித்தால் இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது!

ஆபத்தும் அந்த இரண்டு நிமிடத்தில்தான். ஒத்ததிர்வு நெருங்குகையில் கலம் மேடையையே எதிர்த்து உலுக்கும். மேடையிலுள்ள முடுக்கமானி உண்மை அதிர்வை அளந்து கூற, கட்டுப்பாட்டுக் கருவி அதனைக் குறித்த அளவோடு ஒப்பிட்டு, மேடைக்குச் செல்லும் மின்சைகையைக் கூட்டியும் குறைத்தும் வரும். கருவி திருத்துவதற்குள் அதிர்வெண் ஓடிவிட்டால் மேடை அளவு மீறும். பறக்க வேண்டிய கலம் சோதனையிலேயே முறியக்கூடும். மிக மெதுவாகச் சென்றாலோ, உலோகம் பல்லாயிரம் முறை வளைந்து களைத்துவிடும். ராக்கெட்டில் ஏறியபின் அவ்வளவு விசை வாராது என்று கணக்குக் காட்டினால், அந்த அதிர்வெண்ணில் மட்டும் அளவைத் தாழ்த்துவதும் உண்டு.