மூளையில் அடைப்பு, ரத்தத்தில் பரபரப்பு

பக்கவாதம் மூளையில் நடக்கிறது. அதன் தடயத்தைக் கையில் ஊசி குத்தி எடுக்கும் ரத்தத்தில் தேட முடியுமா? அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-இல் தேடிப் பார்த்தார்கள். ரத்தக்கட்டி அடைத்துப் பக்கவாதம் வந்த 15 பேரிடம் 3 மணி நேரத்துக்குள் ஒருமுறை, 5-ஆவது மணி நேரத்தில் ஒருமுறை, 24 மணி நேரம் ஆனதும் ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். ஆரோக்கியமாக இருந்த 8 பேரின் ரத்தத்தோடு ஒப்பிட்டபோது, முதல் மாதிரியிலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது. சில மரபணுக்கள் வழக்கத்துக்கு மாறாக மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களைச் சேர்ந்தவை.

மரபணு என்றதும் ‘அப்படியென்றால் இது பரம்பரை நோயா?’ என்று பயப்பட வேண்டாம். இங்கே மரபணு மாறுவதில்லை, அதன் வேலை வேகம்தான் மாறுகிறது. ஒரு மரபணு முடுக்கப்பட்டால் அதிலிருந்து ஆர்என்ஏ நகல்கள் கிளம்பும். அந்த நகலைப் பார்த்து செல் புரதம் தயாரிக்கும். ஆய்வாளர்கள் எண்ணுவது அந்த நகல்களைத்தான். அதுவும் லேசான காரியமில்லை. சாதாரணக் குழாயில் ரத்தத்தை விட்டுவைத்தால் ஆர்என்ஏ சிதையும். போதாக்குறைக்குக் குழாய்க்குள்ளேயே செல்கள் புதிதாகச் சில மரபணுக்களை முடுக்கிவிடும். அதனால் ரத்தம் விழுந்ததுமே செல்லின் வேலையை நிறுத்திவிடும் வேதிப்பொருள் கொண்ட தனிக் குழாய்களைப் பயன்படுத்துகிறார்கள்.

நிமிஷத்துக்கு 19 லட்சம்

உடல் எடையில் மூளை வெறும் 2 சதவீதம்; உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. சேமிப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் வர வேண்டும். 20-க்குக் கீழே போனால் நரம்பு செல்கள் வேலையை நிறுத்திவிடும், ஆனால் உயிர் இருக்கும். 10-க்கும் கீழே இறங்கினால் சீக்கிரமே செத்துவிடும். பெரிய ரத்தக் குழாய் அடைபட்டால் நிமிஷத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பு செல்கள் அழிவதாக ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 2006-இல் கணக்கிட்டார்.

செத்த பகுதியைச் சுற்றி, வேலை நின்றும் உயிர் போகாத வளையம் ஒன்று இருக்கிறது. சிகிச்சை முழுவதும் இந்த வளையத்துக்காகத்தான்.

ரத்தம் குறைந்த சில நிமிஷங்களிலேயே இங்கே ஃபாஸ், ஜூன் போன்ற மரபணுக்கள் விழித்துக்கொள்வதை விலங்குச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அடுத்து, புரதங்கள் உருக்குலையாமல் காக்கும் மரபணுக்கள். சில மணி நேரத்துக்குள் இன்டர்லூகின்-1, டிஎன்எஃப் போன்ற அழற்சிப் புரதங்கள் பெருகுகின்றன. சாகும் செல்களிலிருந்து கசியும் பொருள்களை மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா மோப்பம் பிடிக்கின்றன. கிருமி எதுவும் நுழையவில்லை. ஆனால் கிருமி புகுந்ததுபோலவே உடம்பு நடந்துகொள்கிறது. ரத்தக் குழாயின் உட்சுவர் ஒட்டும் தன்மை கொண்ட புரதங்களை வெளியே நீட்டுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில்கள் அதில் ஒட்டி நிற்கின்றன.

அவை வெறுங்கையோடு வருவதில்லை. எம்எம்பி-9 என்னும் நொதியை உள்ளே தயாராக வைத்திருக்கின்றன. ரத்தத்தையும் மூளையையும் பிரிக்கும் தடுப்புச் சுவரை அது அரிக்கிறது. சுவர் கசிந்தால் மூளை வீங்கும், சிலருக்கு ரத்தக் கசிவும் ஏற்படும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குள்தான் போட வேண்டும் என்று கெடு விதித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அழற்சியை நிறுத்தினால் போதாதா?

அப்படித்தான் பலரும் நினைத்தார்கள். வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டாமல் தடுக்கும் என்லிமோமாப் என்ற எதிர்ப்புரதத்தை 625 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2001-இல் முடிவு வெளியானது. மருந்து பெற்றவர்களில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 22.2 சதவீதம், பெறாதவர்களில் 16.2 சதவீதம். அந்த எதிர்ப்புரதம் எலியிலிருந்து வந்தது. அதை அந்நியப் பொருளாகக் கண்டு உடம்பு மேலும் கொதித்திருக்கலாம் என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். நியூட்ரோஃபில்களைத் தடுக்கும் இன்னொரு மருந்து, 966 பேரிடம் சோதித்தும் பலன் காட்டவில்லை.

இதைவிடச் சிக்கலான செய்தி 2006-இல் வந்தது. முதல் நாளில் நாசம் செய்யும் அதே எம்எம்பி நொதிகளை ஒரு வாரம் கழித்துத் தடுத்தபோது, எலிகள் தேறுவது தடைபட்டது. புது ரத்தக் குழாய்கள் முளைக்கவும் அவை தேவைப்படுகின்றன! ‘அழற்சியைக் குறைக்கும்’ என்று விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் நம்பி நேரத்தைக் கடத்துபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனையிலேயே பக்கவாதத்தைக் கண்டுபிடிக்கலாமே என்றும் தோன்றும். 2005-இல் ஒரு குழு 22 மரபணுக்களைப் பட்டியலிட்டது. முதலில் பார்த்த 2006 ரத்த ஆய்வு 18-ஐச் சொன்னது. இரண்டு பட்டியலும் ஒன்றல்ல. தொற்று வந்தாலும் நியூட்ரோஃபில்கள் பரபரக்கும். தவிர, மரபணு நகல்களை எண்ணி முடிக்கப் பல மணி நேரம் ஆகும்; சிடி ஸ்கேன் சில நிமிஷங்களில் ரத்தக் கசிவு உண்டா இல்லையா என்று காட்டிவிடும்.

இன்றைக்குச் செய்யக்கூடியது

கட்டியைக் கரைக்கும் ஊசி 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று 1995-இல் நிரூபணமானது. 2008-இல் அந்தக் கெடு நாலரை மணி நேரமாக நீண்டது. பெரிய குழாயில் சிக்கிய கட்டியைக் குழல் செலுத்தி இழுத்தெடுக்கும் முறை 2015-இல் நிலைபெற்றது. ஸ்கேனில் உயிருள்ள வளையம் மிச்சமிருப்பது தெரிந்தால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட இதைச் செய்யலாம்.

முகம் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். புறா ரத்தம் தேய்ப்பதெல்லாம் வேண்டாம். வாயில் தண்ணீரோ காபியோ ஊற்றக் கூடாது, புரையேறும். ஆஸ்பிரினும் கொடுக்கக் கூடாது. ஸ்கேன் எடுக்கும்வரை அடைப்பா, ரத்தக் கசிவா என்று யாருக்கும் தெரியாது. ‘கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?’ என்று டாக்டர் நிச்சயம் கேட்பார். காலையில் எழும்போதே கை வரவில்லையென்றால், எழுந்த நேரத்தைச் சொல்லக் கூடாது. முந்தைய இரவு நன்றாகப் படுக்கப் போன நேரத்தைச் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அந்த மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும், கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் சொல்ல வேண்டும்.